கொடை ஏரி மீனும் காணாமல் போன ஒரு 'மியூ'வும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரம் மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பெரியகுளத்திலிருந்து சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சிவப்பு எழுத்தில், "கொடைக்கானல் ஏரி மீனில் கிலோவுக்கு 290 மில்லிகிராம் பாதரசம்! அனுமதிக்கப்பட்ட அளவு 0.5 மட்டுமே!" என்று இருந்தது. கீழே அவன் குரல் செய்தி: "அண்ணே, இவளுக்கு ஆறாம் மாசம். வாரத்துல ரெண்டு நாள் மீன் வேணும்னு கேக்குறா. கொடைக்கானல் தண்ணிதான இங்க இறங்கி வருது. குடுக்கலாமா வேண்டாமா? அம்மா ஒரேயடியா நிறுத்தச் சொல்றாங்க."

"ரெண்டு நாள் டைம் குடுடா, பாத்துச் சொல்றேன்" என்றேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் வேதியியல்காரன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். ஆனால் ஒரு எண்ணைப் பார்த்ததும் "இது எங்கிருந்து வந்தது, யூனிட் என்ன" என்று கேட்பது தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தில் தோண்டியதுதான் இந்தக் குறிப்பு.

முதல் ஆச்சரியம், அந்த 290 யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஹைதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2006-ல் 'என்விரான்மென்டல் பொல்யூஷன்' இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. கொடை ஏரி, பேரிஜம், கூக்கால் என்று மூன்று ஏரிகளின் தண்ணீரையும் அடி வண்டலையும் அளந்திருக்கிறார்கள். கொடை ஏரி மீனையும் அளந்திருக்கிறார்கள். இணையத்தில் எல்லா இடத்திலும் நகலெடுக்கப்படும் அதன் சுருக்கத்தில் மீனின் பாதரசம் கிலோவுக்கு 120 முதல் 290 மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது. அதாவது வாட்ஸ்அப் படம் போட்டவர் பொய் சொல்லவில்லை. இருப்பதைத்தான் போட்டிருக்கிறார்.

ஆலைக் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை 1983-84 வாக்கில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. 1987-ல் யூனிலீவர் அந்த நிறுவனத்தை உலகளவில் வாங்கியது. பிறகு ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசத்தோடு உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிடப்பது வெளியே வந்தது. ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் போராடினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. (இங்கேயும் 290! தற்செயல்தான்.) தொழிலாளர்களின் உடல்நலப் பாதிப்புக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கு பல வருடம் நடந்தது. 2015-ல் சென்னையின் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ உலகமெங்கும் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

ஆலை இருந்த மேட்டின் தென்சரிவு பாம்பார் சோலை. அங்கே விழும் மழை பாம்பாறாகி, கும்பக்கரை அருவியாகக் கொட்டி, பெரியகுளம் பக்கம் இறங்கி வைகைப் படுகைக்குப் போகிறது. கொடை ஏரி இருப்பது எதிர்ப்பக்கம், வடக்கே. அப்படியானால் ஏரிக்குப் பாதரசம் எப்படிப் போயிருக்கும்? காற்றில். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். இதே ஹைதராபாத் குழு 2003-ல் ஆலையைச் சுற்றியிருந்த மரங்களின் கற்பாசியையும் பாசியையும் அளந்து, காற்று வழியாகப் பாதரசம் பரவியதைக் காட்டியிருக்கிறது. கற்பாசிக்கு வேர் கிடையாது, சாப்பாடு முழுக்கக் காற்றிலிருந்துதான். அதனால் அது காசு வாங்காமல் வேலை செய்யும் ஒரு சென்சார்.

சரி, 290-க்கு வருவோம். நிரல் எழுதுகிறவர்கள் ஒரு விசித்திரமான விடை வந்தால் முதலில் செய்வது, வேறு வழியில் போய் அதே விடை வருகிறதா என்று பார்ப்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஒன்று. 1971-72 குளிர்காலத்தில் ஈராக்கில் மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி தடவிய விதை கோதுமையை மக்கள் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 459 பேர் அங்கேயே இறந்தார்கள். அதை ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்கு, உடம்பில் சேர்ந்த மெத்தில் பாதரசம் சுமார் 25 மில்லிகிராமைத் தொடும்போது கை கால் மரத்துப்போவது ஆரம்பிக்கிறது. கொடை ஏரி மீனில் நிஜமாகவே கிலோவுக்கு 290 மில்லிகிராம் இருந்தால், நூறு கிராம் துண்டு ஒன்றில் 29 மில்லிகிராம். ஒரே ஒரு தட்டு மீன் போதும். அப்படி இருந்திருந்தால் கொடைக்கானலில் எத்தனை குடும்பம் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும்? ஜப்பானின் மினமாட்டாவில், சிஸ்ஸோ ஆலைக் கழிவு விழுந்த விரிகுடாவின் மீன், நண்டு, சிப்பியில் அளந்ததே கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான். அங்கே பூனைகளே வலிப்பு வந்து கடலில் விழுந்தன.

இரண்டு, வண்டல். அதே சுருக்கத்தில் கொடை ஏரியின் வண்டலில் 276 முதல் 350, பேரிஜத்தில் 189 முதல் 226, கூக்காலில் 85 முதல் 91 என்று இருக்கிறது. எல்லாமே கிலோவுக்கு மில்லிகிராமாம். பேரிஜம் காப்புக்காட்டுக்கு நடுவே இருக்கிற ஏரி, பெரியகுளத்தின் குடிநீர் ஆதாரம். தம்பி வீட்டுக் குழாயில் வருவதே அந்தத் தண்ணீர்தான். ஆலை நிலத்தைச் சுத்தம் செய்யும்போது மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு வைத்தார்கள். அதுவே தளர்வு என்று சூழலியல் ஆர்வலர்கள் சண்டை போட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் பேரிஜத்தின் அடிச்சேறு அதைப் போல ஒன்பது பத்து மடங்கு இருக்குமா? சாதாரண மண்ணில் இயற்கையாக இருப்பது கிலோவுக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கு முன்னே பின்னே. அந்த 'மில்லி'யை 'மைக்ரோ'வாக மாற்றிப் பாருங்கள். பேரிஜம் 0.19 முதல் 0.23 மில்லிகிராம், கூக்கால் 0.09. அத்தனை எண்ணும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்காருகிறது.

எங்கே தப்பு நடந்திருக்கும்? என் யூகம் இது. பழைய வேர்ட் கோப்புகளில் 'மைக்ரோ'வைக் குறிக்கும் 'மியூ' என்ற கிரேக்க எழுத்தை 'சிம்பல்' என்ற எழுத்துருவில் அடிப்பார்கள். அந்த எழுத்துருவில் 'மியூ' உட்கார்ந்திருக்கும் விசை ஆங்கில 'எம்'. கோப்பை வேறு இடத்துக்கு மாற்றும்போது எழுத்துரு உதிர்ந்துவிட்டால் 'மியூ' மறைந்து 'எம்' தலைகாட்டும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு! எங்கள் ஆபீசில் ஒரு மருத்துவ ரிப்போர்ட் மென்பொருளில் இதே பிழையை நான் நேரில் பார்த்து, இரண்டு ராத்திரி தூங்காமல் சரிசெய்திருக்கிறேன். யூனிட் குழப்பத்தில் நாசா 1999-ல் செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலத்தையே தொலைத்திருக்கிறது. ஒரு எழுத்துரு உதிர்வது பெரிய விஷயமில்லை.

ஆக, கொடை ஏரி மீனில் இருந்ததாக நான் எடுத்துக்கொள்வது கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம். மில்லிகிராமில் சொன்னால் 0.12 முதல் 0.29. தம்பிக்கு இதைச் சொன்னதும் "அப்ப 0.5-க்குக் கீழதான? பாஸ்தான?" என்றான்.

அங்கேதான் நானும் முதலில் வழுக்கினேன். வாட்ஸ்அப் எண் ஆயிரம் மடங்கு தப்பு என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் "எல்லாம் சும்மா பீதி" என்று எழுதி முடித்திருப்பேன். மறுபடி படித்தபோதுதான் அடங்கினேன்.

நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் கொண்டுவந்த விதிகளில் பாதரசத்துக்கு இரண்டு வரிகள் உண்டு. மீனில் மொத்தப் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். எல்லா உணவிலும் மெத்தில் பாதரசம் 0.25. வாட்ஸ்அப் உலகத்துக்கு முதல் வரி மட்டும்தான் தெரியும். ஆனால் மீன் சதையில் இருக்கும் பாதரசத்தில் மிகப் பெரும் பங்கு மெத்தில் வடிவில்தான் இருக்கும். பெரிய மீனில் பத்தில் ஒன்பது பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 0.29-ல் பத்தில் ஒன்பது 0.26. முதல் வரியில் தாராளமாகப் பாஸ், இரண்டாம் வரியில் நூலிழையில் ஃபெயில். ஒரே மீன்!

தண்ணீரின் கதை இன்னும் வேடிக்கை. கொடை ஏரித் தண்ணீரில் அவர்கள் அளந்தது லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் பாதரசத்துக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1,000 நானோகிராம். தண்ணீரை மட்டும் டெஸ்ட் செய்து ரிப்போர்ட் வாங்கினால் "குடிக்கத் தகுந்தது" என்று முத்திரை கிடைத்திருக்கும். ஏரியில் பாதரசம் இருக்கிறதா என்று கேட்டால் தண்ணீர் ஒழுங்காக வாயைத் திறக்காது. மீன்தான் சொல்லும்.

ஏன் மீன்? தெர்மாமீட்டரிலிருந்து ஓடும் வெள்ளிக் குண்டு வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். அதன் ஆவியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து, ஆலைத் தொழிலாளர்களின் புகாரும் அதைப் பற்றியதுதான். ஏரிக்குள் நடப்பது வேறு. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தோடு ஒரு மெத்தில் குழுவை ஒட்டவைக்கின்றன. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2013-ல்தான் அடையாளம் கண்டார்கள். இந்த மெத்தில் பாதரசம் புரதத்தில் உள்ள கந்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாசி அதை உறிஞ்சும், பாசியை நுண்ணுயிர் தின்னும், அதைச் சிறுமீன், அதைப் பெருமீன். ஒவ்வொரு படியிலும் உள்ளே வருவது வேகம், வெளியே போவது மெது. மனித உடம்பிலேயே பாதி வெளியேற ஏறக்குறைய ஐம்பதிலிருந்து எழுபது நாள் ஆகும். கொழுப்பில் இல்லாமல் சதையில் இருப்பதால் தோலை உரித்தாலும், மஞ்சள் போட்டுக் கழுவினாலும், நல்லெண்ணெயில் பொரித்தாலும் போகாது. "நல்லா வேகவெச்சா போயிடும்ல?" என்று சித்தி கேட்டார்கள். போகாது சித்தி.

அந்தச் சேற்றுக் கணக்கில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வண்டலில் இருக்கும் மொத்தப் பாதரசத்தில் மெத்தில் எத்தனை சதவீதம் என்றும் பார்த்திருக்கிறார்கள். கொடை ஏரியில் சுமார் 6, பேரிஜத்தில் 3 முதல் 4, கூக்காலில் 2. மொத்தத்தை மட்டும் பார்த்தால் கொடை ஏரி கூக்காலைப் போல மூன்றரை மடங்குதான். சதவீதத்தையும் சேர்த்துப் பெருக்கினால் மெத்தில் மட்டும் பத்து மடங்குக்கு மேல் வருகிறது! சாக்கடையும் படகுத்துறையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து அடியில் அழுகிக்கொண்டிருக்கும் ஏரியில் இந்தப் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம் என்பது என் ஊகம். 1863-ல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி அது. வருஷா வருஷம் சீசனில் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் பாண்டியனில் ஏறி கொடை ரோட்டில் இறங்கிப் போய்ச் சுற்றி வருவதும் அதைத்தான்.

அந்த ஆய்வு வெறும் கொடை ஏரியை மட்டும் அளந்திருந்தால் 0.3 என்ற எண்ணை வைத்து ஒன்றுமே சொல்லியிருக்க முடியாது. மலை மண்ணே அப்படித்தான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பேரிஜமும் கூக்காலும்தான் அதற்குப் பதில். அதே மலை, அதே மழை, ஆலையிலிருந்து தூரம் மட்டும் வேறு. கண்காணிப்பு என்று சொல்வதில் பாதி வேலை இந்த ஒப்பீட்டு ஏரியைத் தேர்ந்தெடுப்பதுதான். மீதிப் பாதி, திரும்பத் திரும்ப அதையே செய்வது.

மீனில் ஒரு சிக்கல் உண்டு. வயசாக ஆகப் பாதரசம் சேரும். இந்த வருஷம் பிடித்தது கால் கிலோ மீன், ஐந்து வருஷம் கழித்துப் பிடித்தது இரண்டு கிலோ மீன் என்றால், ஏரி சுத்தமாகிக்கொண்டே இருந்தாலும் எண் ஏறியிருக்கும். ஸ்வீடன்காரர்கள் அறுபதுகளிலேயே இதில் அடிபட்டு, ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். எந்த ஏரியாக இருந்தாலும் 'பைக்' என்ற வேட்டை மீனில், ஒரு கிலோ எடை இருந்தால் எவ்வளவு பாதரசம் இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். இன்னொரு சிக்கல் ஈர எடையா, உலர் எடையா என்பது. மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்த்தி அளந்தால் அதே மீனின் எண் நாலைந்து மடங்காகத் தெரியும். ரிப்போர்ட்டில் இந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் அந்த எண்ணைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வேறு பாதை. அங்கே ட்ரைடன் என்ற ஊரின் ரசாயன ஆலை 1962-லிருந்து 1970 வரை ஆற்றில் கிட்டத்தட்ட 9 டன் பாதரசத்தை விட்டது. ஆற்று மீனை நம்பியிருந்த கிராஸி நாரோஸ் பழங்குடி மக்கள் இன்றுவரை அனுபவிக்கிறார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு மாநில அரசு எழுபதுகளிலிருந்து மீன் தின்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. எந்த ஏரி, என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று பார்த்தால், மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று போட்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி வரிசை. ஸ்கார்பரோவில் இருக்கும் என் கல்லூரி நண்பன் தூண்டிலோடு கிளம்பும்போது ஒரு அளவுகோலும் எடுத்துக்கொண்டு போகிறான். மீன் பெரிதாக மாட்டினால் அவனுக்கு வருத்தம்! நம்மூரில் விரால் பெரிதாகக் கிடைத்தால் ஸ்டேட்டஸ் போடுவோம்.

ஆலையே இல்லாமலும் இது நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கியூபெக்கில் லா கிராண்ட் ஆற்றில் பெரிய அணைகள் கட்டி காட்டை மூழ்கடித்தபோது, மண்ணில் இயற்கையாக இருந்த பாதரசமே மெத்திலாகி, மற்ற மீனைத் தின்னும் மீன்களில் பல மடங்கு ஏறியது. பழைய நிலைக்கு இறங்க இருபது முப்பது வருஷம் பிடித்தது. அதனால் "எங்க ஏரி பக்கத்துல ஃபேக்டரி ஒண்ணும் இல்லை" என்பது ஒரு பதில் இல்லை. எங்கள் பக்கத்துச் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டினார்கள். உடைந்த டியூப்லைட், பழைய பட்டன் பேட்டரி, காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர், எல்லாமே வீட்டுக் குப்பையில் இருப்பவைதான். அந்தத் தெர்மாமீட்டர் ஒன்றிலேயே அரை கிராமுக்கு மேல் பாதரசம் இருக்கும்.

இந்த ஆர்வக்கோளாறில் நானே ஒரு டெஸ்ட் செய்து பார்த்தேன். மார்க்கெட்டில் "ஏரி விரால் சார், காலைல பிடிச்சது" என்று சொன்ன ஒரு விராலை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு தனியார் லேபுக்குக் கொண்டுபோனேன். வரவேற்பில் இருந்த பெண் "சமைச்சதா சார், சமைக்காததா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. என்ன மீன், எத்தனை நீளம், எந்த ஏரி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. பாதரசம்: "கண்டறியப்படவில்லை". வீட்டில் ஒரே மகிழ்ச்சி. நான் போன் போட்டு, "உங்க மெஷின் எவ்வளவு வரைக்கும் கண்டுபிடிக்கும்?" என்று கேட்டேன். இரண்டு பேரிடம் மாற்றி, கடைசியில் ஒருவர் சொன்னார், "0.25-க்குக் கீழ இருந்தா அப்படித்தான் போடுவோம் சார்." கொடை ஏரி மீனையே அவரிடம் கொடுத்திருந்தால் முக்கால்வாசி மீனுக்கு இதே ரிப்போர்ட்தான் கிடைத்திருக்கும். கண்டறியப்படவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு நான் அன்று காசு கொடுத்துப் பாடம் படித்தேன்.

அந்த மெஷின் ஒன்றும் மர்மம் இல்லை. மீன் சதையை அமிலத்தில் கரைத்து, அதில் ஸ்டேனஸ் குளோரைடு சேர்த்தால் கரைசலில் உள்ள பாதரசம் உலோகமாகி ஆவியாக வெளியேறும். அந்த ஆவி வழியாக 253.7 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அனுப்பினால், எவ்வளவு பாதரசம் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒளி குறையும். ஒழுங்காகச் செய்தால் கிலோவுக்குச் சில மைக்ரோகிராம் வரை பார்க்கலாம். கனடாவில் பாதரச அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட மீன் பொடி விற்கிறார்கள். நம் மீனோடு அதையும் சேர்த்து ஓட்டி, அந்த எண் சரியாக வருகிறதா என்று பார்த்தால்தான் நம் எண்ணை நம்பலாம். மென்பொருளில் விடை தெரிந்த உள்ளீட்டைப் போட்டுச் சோதிப்போமே, அதே வேலைதான்.

என்னிடம் பணமும் ஒரு நல்ல ஆய்வகமும் இருந்தால் செம்பாக்கத்திலும் பீர்க்கன்காரணையிலும் இதை ஆரம்பிப்பேன். ஒரு வேட்டை மீன், விரால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாசி தின்னும் மீன், ஜிலேபி. இரண்டிலும் ஒரே அளவுள்ளவை இருபது இருபத்தைந்து, வருஷா வருஷம் அதே மாதத்தில், முதுகுத் துடுப்புக்குக் கீழே இருக்கும் சதையை எடுத்து, ஈர எடையில். ஒப்பீட்டுக்கு ஊருக்கு வெளியே குப்பை போகாத ஒரு ஏரி. முதல் வருஷத்து எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இருக்காது. நாலாவது ஐந்தாவது வருஷம்தான் அது பேச ஆரம்பிக்கும். இதைத் தனியாள் செய்ய முடியாது, அரசு செய்ய வேண்டிய வேலை. 2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-ல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை பலன் தருகிறதா என்று மதிப்பிட மீன் போன்ற உயிரினங்களில் இருக்கும் பாதரச அளவையும் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கொடை ஏரியில் வருஷா வருஷம் இதைச் செய்து, கரையில் ஒரு பலகையில் எழுதிப்போட்டால் என் தம்பி எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டியிருக்காது. வாட்ஸ்அப் பீதிக்கும் வேலை இருக்காது, "எல்லாம் அளவுக்குள்ளதான்" என்ற பூசி மெழுகலுக்கும் வேலை இருக்காது.

இனி தம்பியின் கேள்வி. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 2003-ல், வயிற்றில் இருக்கும் குழந்தையை மனதில் வைத்தே, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்று வரம்பு வைத்தது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 88 மைக்ரோகிராம். வாட்ஸ்அப் எண் உண்மையாக இருந்தால் அது 0.3 கிராம் மீனிலேயே தீர்ந்துவிடும், முள்ளில் ஒட்டியிருக்கும் சதை. மைக்ரோகிராமாக எடுத்துக்கொண்டால், 290 உள்ள மீன் வாரம் 300 கிராம். 120 உள்ள மீன் 730 கிராம். ஆனால் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 24 மைக்ரோகிராம்தான், 290 உள்ள மீனில் வாரத்துக்கு எண்பது கிராமில் முடிந்துவிடும். இரண்டு துண்டு கூட இல்லை. 0.5-க்குக் கீழே என்று பாஸான மீன்!

அதனால் அவனிடம் சொன்னது இவ்வளவுதான். கொடை ஏரி மீனும் பாம்பாற்று மீனும் பிரசவம் முடியும்வரை வேண்டாம். பெரிய வாளை, பெரிய விரால் வேண்டாம், கடல் மீனில் சுறாவும் பெரிய சூரையும் வேண்டாம். கட்லா, ரோகு கொடுக்கலாம். அவை பெரும்பாலும் பண்ணைக் குட்டையில் தீனி போட்டு வேகமாக வளர்த்துப் பிடிப்பவை, பாதரசம் சேர அவகாசம் இருக்காது. மத்தி கொடுக்கலாம். மீனை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு மீன் எண்ணெய் தேவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே கர்ப்பிணிகளுக்குப் பாதரசம் குறைந்த மீனை வாரம் இரண்டு மூன்று வேளை சாப்பிடச் சொல்கிறது. டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. பாத்திரத்தில் தண்ணீர், அதில் உயிரோடு துள்ளும் அயிரை. "அண்ணே, இது?"

விரல் நீளம் கூட இல்லாத மீன், வேட்டையாடுவதும் இல்லை. எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று கேட்டேன். போடி பக்கத்துக் கண்மாய் என்றான். "அது கொடைக்கானல் தண்ணி இல்லையே, குடுடா" என்று போட்டேன். "எனக்கும் கொஞ்சம் எடுத்து வை" என்று இன்னொரு மெசேஜும்.